கருவின் சேஷங்கள்
இடுப்புக்குழிப் பிறவிக் கட்டிகளும் நுண்துளைச் சிகிச்சையும்

மயிலாப்பூரில் டாக்டர் நடேசன் சாலை என்று ஒரு வீதி இருக்கிறது. நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும், தொழிலால் வைத்தியருமான சி. நடேச முதலியாரின் நினைவைத் தாங்கிய அவ்வீதியிலேதான், கர்ப்பத்திலிருக்கும் சிசுவின் அவயவங்களை ஒலி அலைகளின் துணைகொண்டு ஆராய்ந்து சொல்லும் கலையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவராகிய டாக்டர் எஸ். சுரேஷ் நிறுவிய மெடிஸ்கேன் நிலையம் அமைந்திருக்கிறது. இதைப் போன்ற நிலையங்களுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக வரும் கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில், ‘சிசுவின் ஒரு பக்கத்துச் சிறுநீரகம் தென்படவில்லை’ என்ற வாசகம் எழுதிய காகிதத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாதபோது, அதன் தலைமீது தொப்பிபோல் அமர்ந்திருக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பி, தாங்குவார் இன்றித் தட்டையாகப் படுத்துக் கிடப்பதை நிபுணர்கள் திரையில் காண்கிறார்கள்; அந்தப் பக்கத்திற்குச் செல்ல வேண்டிய ரத்தக் குழாயும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே அந்த வாசகத்தை எழுதுகிறார்கள்.

குடும்பம் கலங்குகிறது. ஒரு சிறுநீரகத்தோடு முழு ஆயுளும் சௌக்கியமாக வாழ முடியும் என்று டாக்டர் சொல்லுகிறார்; அது உண்மையே. குழந்தை பிறக்கிறது, நாமகரணம் நடக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது. காகிதம் பீரோவில் எங்கோ ஓர் உறையில் மங்கிப்போகிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளை கல்யாணமாகிக் குழந்தைப் பேறு தாமதமாகிறதென்று மனைவியோடு தியாகராய நகரில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் படியேறுகிறான். விந்தின் அளவு மிகக் குறைவாக இருக்கிறது. விந்துப் பையிலிருந்து வர வேண்டிய பழச்சர்க்கரையும் அதில் இல்லை. வெளியேறும் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதை அறிந்த டாக்டர், மலக்குடல் வழியாக ஸ்கேன் செய்து பார்க்கிறார். சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஒரு நீர்க்கட்டி தெரிகிறது. வயிற்றை ஸ்கேன் செய்தால் அதே பக்கத்தில் சிறுநீரகம் இல்லை. அப்போதுதான் தாயார் பீரோவைத் திறந்து காகிதத்தைத் தேடுகிறார்.

நான் மேலே வருணித்தது எந்த ஒரு தனி மனிதருடைய கதையுமன்று. இவ்வியாதியின் இயல்பான போக்கு. அந்தப் பழைய காகிதமும் இப்போதைய ஸ்கேன் அறிக்கையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகின்றன, கால் நூற்றாண்டு இடைவெளியில். அந்தத் தொடர்பு என்ன, அக்கட்டியை அகற்ற இக்காலத்து ரண சிகிச்சை கண்டுள்ள நுண்துளை மார்க்கம் (வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்திச் செய்வது) யாது, அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நீர்க்கட்டி’ என்று சொன்னவுடன் இன்று நம் பெண்களின் மனத்தில் எழுவது, சினைப்பையில் மணிமணியாகத் தோன்றி மாதவிலக்கைக் குலைக்கும் கோளாறுதான். அது சுரப்பு நீர்களின் மாறுபாட்டால் வருவது, அனேகருக்கு வருவது, அறுவை வேண்டாதது. நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று. பிறவியிலேயே விதை விழுந்து, பல ஆண்டுகள் மௌனமாயிருந்து, பிற்காலத்தில் வீங்குகின்ற அபூர்வக் கட்டிகளைப் பற்றியது இது. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், ‘நீர்க்கட்டிதானே, மாத்திரையில் கரைந்துவிடும்’ என்று சுற்றத்தார் சொல்ல, அதை நம்பி இருந்துவிடுவதற்கு இடமுண்டு. ஆகையால் இவற்றைப் பிறவிக் கட்டிகள் என்றே குறிப்பிடுவேன். ரண சிகிச்சை என்ற பழைய சொல்லையும் வேண்டுமென்றே ஆளுகிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே புகட்டிய அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், 1867-இல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரிலும் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரிலும் பெருநூல்களைத் தமிழில் அச்சேற்றினார்; இடுப்புக்குழியின் அமைப்பைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துவிட்டது.

இனி, கரு வளரும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், இக்கட்டிகளின் ரகசியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கர்ப்பம் தரித்த நாலாவது வாரத்தில், எள்ளைவிடச் சற்றுப் பெரிதாயிருக்கும் கருவின் முதுகுப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நுண்ணிய குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கரு வளர்ச்சியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃபின் பெயரால் இவை வோல்ஃப் குழாய்கள் எனப்படும். ஒவ்வொரு குழாயின் கீழ்க்கோடியிலிருந்தும் ஐந்தாவது வாரத்தையொட்டி ஒரு மொட்டு கிளம்பி, மேல்நோக்கி வளர்ந்து, அங்கே காத்திருக்கும் திசுவைத் தீண்டுகிறது. அந்தத் தீண்டலினால்தான் சிறுநீரகம் உருவாகிறது. மொட்டு கிளம்பாவிட்டால் அந்தப் பக்கத்தில் சிறுநீரகம் இல்லை. அதே வோல்ஃப் குழாய், சிசு ஆணாயின், பிற்பாடு விந்து நாளமாகவும் விந்துப் பையாகவும், விந்தை வெளியேற்றும் குறுங்குழாயாகவும் மாறுகிறது. பெண்ணாயின் பெரும்பாலும் தேய்ந்து மறைகிறது. ஆகவே அக்குழாயின் கீழ்க்கோடியில் அந்த ஆரம்ப வாரங்களில் ஏற்படும் ஒரே ஒரு பங்கம், மேலே சிறுநீரகத்தை இல்லாமற் செய்வதோடு கீழே விந்துப் பையின் வாயிலையும் அடைத்துவிடுகிறது.

வாயில் அடைபட்ட பை, சுரக்காத வரையில் வீங்காது. அதனால்தான் சிறுவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பருவமெய்திய பிறகு சுரப்பு தொடங்குகிறது. வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. இருபது முதல் நாற்பது வயதுக்குள் கட்டி தன்னை அறிவிக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், கழிக்கும்போது எரிச்சல், ஆசனவாய்க்கும் விரைக்கும் இடைப்பட்ட இடத்தில் ஓயாத வலி, விந்து வெளிப்படும்போது நோவு, விரையருகே திரும்பத் திரும்ப வீக்கம், மகப்பேறின்மை ஆகியவை அதன் லட்சணங்கள். ஒரு பக்கத்துச் சிறுநீரகம் இல்லாமையும் அதே பக்கத்து விந்துப் பைக் கட்டியும் குழாயடைப்பும் சேர்ந்து வரும் இந்த முக்கூட்டை 1914-இல் எடுத்துரைத்தவர் ஸின்னர் என்ற வைத்தியர். இன்றும் அது ஸின்னர் நோய்க்குறித் தொகுதி என்றே அழைக்கப்படுகிறது. விந்துப் பையில் பிறவிக் கட்டி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் இல்லை. ஐந்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பன்னிரண்டைத் தாண்டியவை சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் நெருக்குகின்றன.

வோல்ஃப் குழாய்க்குப் பக்கத்திலேயே, 1830-இல் ஜோஹன்னஸ் முல்லர் விவரித்த மற்றொரு ஜோடிக் குழாய்கள் உள்ளன. பெண் சிசுவில் அவை கருக்குழாய்களாகவும் கருப்பையாகவும் மலர்கின்றன. ஆண் சிசுவில், விரைகள் சுரக்கும் ஒரு நீரின் ஆணையால் மறைந்து போகின்றன. முற்றிலும் மறையாதபோது புராஸ்டேட் சுரப்பியின் நடுவில் சிறு பையாக எஞ்சி, சிலருக்குக் கட்டியாகப் பெருக்கிறது. விந்துப் பைக் கட்டி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், இது நட்டநடுவில் இருக்கும். நிபுணர்கள் முதற்பார்வையில் இரண்டையும் பிரித்தறிவது இந்த ஸ்தான பேதத்தினால்தான். சிறுநீர்த் துவாரம் இடம் மாறிப் பிறந்த ஆண் குழந்தைகளிடம் இந்த நடுக்கட்டி அதிகம் காணப்படுகிறது.

பெண்களின் கதை வேறு வகையில் துயரமானது. தேய்ந்து மறைய வேண்டிய வோல்ஃப் குழாயின் மிச்சம், 1822-இல் டென்மார்க்கின் கார்ட்னர் விவரித்தபடி, பிறப்புறுப்பின் சுவரில் கட்டியாக நிற்கலாம். அதனால் கேடு அதிகமில்லை. ஆனால் சிறுநீரகம் ஒன்று இல்லாத பெண் குழந்தைகளில் சிலருக்குக் கருப்பை இரட்டையாகவும், பிறப்புறுப்பின் ஒரு பாதி மூடியும் அமைந்துவிடுகிறது. 1971-இல் ஹெர்லினும் வெர்னரும், 1976-இல் வுண்டர்லிஹ்ஹும் எழுதியதால் அம்மூவர் பெயரையும் தாங்கிய இந்நிலையில், பெண் பெரியவளான சில மாதங்களிலேயே, மூடிய பாதியில் மாதாமாதம் உதிரம் தேங்கி, பெருவலி எடுக்கிறது. திறந்த பாதியின் வழியாக விலக்கு ஒழுங்காக வந்துகொண்டே இருப்பதால், ‘வயதுக்கு வந்த பெண்களுக்கு வலி சகஜம்’ என்று வீட்டார் தேற்றுகிறார்கள். வைத்தியரும் சில சமயம் ஏமாறுகிறார். தாமதித்தால் தேங்கிய உதிரம் பின்னோக்கிச் சென்று கருக்குழாய்களைக் கெடுக்கும். இங்கே முக்கியமான சிகிச்சை, தடுப்புச் சுவரைக் கீழிருந்தே நீக்கிவிடுவது. வயிற்றில் துளையிடும் அவசியம் பலருக்கு நேர்வதே இல்லை. நுண்துளைச் சிகிச்சையைப் போற்றி எழுதப் புகுந்த நான், அது தேவைப்படாத இடத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான்காவது வகை, மலக்குடலுக்கும் முதுகெலும்பின் அடிப்பகுதியாகிய திரிகத்திற்கும் இடையே பதுங்கியிருப்பது. மனிதக் கருவுக்கு ஐந்தாவது வாரத்தில் வால் உண்டு. எட்டாவது வாரத்திற்குள் அது மறைந்துவிடுகிறது. அந்த வாலுக்குள் நீண்டிருந்த குடலின் நுனி முழுவதும் மறையாமல் தங்கினால் வால்குடல் கட்டி உண்டாகிறது. மேல்தோலின் அணுக்கள் அங்கே சிக்கிக்கொண்டால் தோற்கட்டி உண்டாகிறது. திரிகத்திற்கு முன்னால் வளரும் கட்டிகள் அனைத்தையும் சேர்த்தாலுமே நாற்பதாயிரம் நோயாளிகளுக்கு ஒருவர் என்பது அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் கணக்கு. 1988-இல் ஹெர்ம்ஸ்டாடும் ஹெல்விக்கும் வால்குடல் கட்டிகளில் 53-ஐத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அதுவே அத்துறையில் பெருந்தொகையாக மதிக்கப்பட்டது. நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் இக்கட்டி சீழ் பிடிக்கும்போது ஆசனவாயருகே புடைத்து வெளியே கசியும், பௌத்திரம் என்று கருதி அறுப்பார்கள், மூலம் உள்ளே இருப்பதால் மறுபடியும் கசியும், மறுபடியும் அறுப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் பௌத்திரத்தின் பின்னால் இக்கட்டி ஒளிந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் வைத்தியருக்கு எழுந்துவிட்டால் பாதி சிகிச்சை முடிந்தது. அதற்கு விலையுயர்ந்த யந்திரம் கூட முதலில் வேண்டாம். கையுறை அணிந்த ஒரு விரலால் மலக்குடலைப் பரிசோதித்தாலே பெரும்பாலான கட்டிகள் தட்டுப்படும். நோயாளியின் கூச்சத்தாலும் வைத்தியரின் அவசரத்தாலும் அந்த எளிய பரிசோதனை நம் நாட்டில் அடிக்கடி விட்டுப்போகிறது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். அதன்பின் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும்.

இக்கட்டிகளை அகற்றுவது ஏன் கடினம்? இடுப்புக்குழி மேலே அகன்று கீழே குறுகும் ஒரு புனல். ஆணுக்கு மேலும் குறுகலானது. அதன் அடியில் சிறுநீர்ப்பை, விந்துப் பை, மலக்குடல், பெருங்குருதி நாளங்கள், சிறுநீரையும் மலத்தையும் ஆண்மையையும் ஆளும் நுண்ணிய நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்து கிடக்கின்றன. வயிற்றை நீளக் கீறினாலும் அடிக்குழி ஆழ்கிணறு போல் இருண்டே இருக்கும். ரண வைத்தியர் கண்ணால் காண்பதைவிட விரலால் உணர்வதே அதிகம். பின்புறத்திலிருந்து செல்லலாம் என்று 1885-இல் ஜெர்மனியின் கிராஸ்கே திரிக எலும்பின் ஒரு பகுதியை நீக்கி வழி கண்டார். அது சிறந்த வழியே, ஆயினும் புண் பெரிது, ஆற நாளாகும். இந்த ஆழத்தில் கண்ணை இறக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் நுண்துளை முறை தன் முழுப் பெருமையையும் பெறுகிறது. பித்தப்பையை எடுப்பதில் அது சௌகரியம். இடுப்பின் அடிக்குழியிலோ அது பார்வையே ஆகிறது.

அம்முறையின் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். 1901-இல் டிரெஸ்டன் நகரத்துக் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்த்தார். 1910-இல் ஸ்டாக்ஹோமில் ஜேகோபேயஸ் மனிதரிடம் அதைச் செய்தார். ஹாப்கின்ஸ் என்பவர் வகுத்த தண்டு வடிவ வில்லைகள் வந்த பின்னர் உட்காட்சி தெளிவாயிற்று. 1980-இல் கீல் நகரத்து மகப்பேற்று வைத்தியர் ஸெம், குடல்வாலை இம்முறையில் அகற்றியபோது சக வைத்தியர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1985-இல் பித்தப்பையை அகற்றிய மூஹேயும் அதே கதிக்கு ஆளானார். இந்தியாவில் 1972 முதற்கொண்டே நோயறியும் பொருட்டு லேப்ராஸ்கோப் கருவியைக் கையாண்டுவந்த டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, 1990-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் முதன்முதலாக இம்முறையில் பித்தப்பையை எடுத்தார். விந்துப் பையை இம்மார்க்கத்தில் அணுகலாம் என்று காவுஸியும் சகாக்களும் அமெரிக்காவில் எழுதியது 1993-இல். நம் தாய்மார்களுக்கோ லேப்ராஸ்கோப் என்ற சொல் அந்தப் பித்தப்பைச் சிகிச்சைக்கு முன்னரே, குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களின் மூலம் பழக்கமாகியிருந்தது. இன்று மயிலாப்பூர், அடையாறு மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் நோயாளிகள் வைத்தியத்தின் முழுத் தத்துவத்தையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடுகிறார்கள்: “டாக்டர், கிழிச்சுப் பண்றதா, ஓட்டை போட்டுப் பண்றதா?”

ஓட்டை போட்டுச் செய்வது எப்படி என்பதை விந்துப் பைக் கட்டியை வைத்தே விளக்குகிறேன். முழு மயக்கம் கொடுத்து, நோயாளியின் தலைப்பக்கம் தாழும்படி மேஜையைச் சரிக்கிறார்கள்; குடல்கள் தம் பாரத்தாலேயே மேல்வயிற்றை நோக்கி ஒதுங்கி இடுப்புக்குழி காலியாகிறது. தொப்புளில் ஒரு விரற்கடைக்கும் குறைவான துளையிட்டு, கரியமில வாயுவைப் பன்னிரண்டு முதல் பதினைந்து மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். கேமரா உள்ளே செல்கிறது. மேலும் மூன்று நான்கு சிறு துளைகளின் வழியே நீண்ட கருவிகள் செல்கின்றன. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே மடிந்து தொங்கும் உள்ளுறையைக் கீறியவுடன், திசுக்களின் அடுக்குகள் பல மடங்கு பெரிதாகத் திரையில் விரிகின்றன. விந்து நாளத்தைப் பற்றிக்கொண்டு, நூலைப் பிடித்து நூற்கண்டை அடைவதுபோல், கட்டியை அடைகிறார்கள். கட்டியை உடனே உடைத்து நீரை வடித்துவிடாமல், அது விம்மி நிற்கும்போதே சுற்றிலும் பிரித்தெடுப்பதைப் பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். விம்மிய சுவர் தன் எல்லையைத் தானே காட்டும். அடிப்பகுதியை நெருங்கியதும் நீரை உறிஞ்சிச் சுருக்கி, புராஸ்டேட்டோடு சேரும் இடத்தில் முடிந்து வெட்டி, சிறு பையொன்றில் இட்டுத் தொப்புள் துளை வழியாகவே வெளியே எடுக்கிறார்கள்.

இதில் கவனமெல்லாம் இரண்டு பொருள்களின்மீது இருக்க வேண்டும். ஒன்று, மலக்குடலின் இரு மருங்கிலும் ஓடும் நரம்பு வலை; அதை மின்கருவியின் வெப்பம் தீண்டினால் இளைஞனுக்கு ஆயுள் முழுதும் நஷ்டம். மற்றொன்று, எதிர்ப்பக்கத்துச் சிறுநீர்க் குழாய். இவனுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம்; அதன் ஒரே குழாய் அது. மற்றவர்களிடம் அது பழுதுபட்டால் விபத்து, இவனிடம் அது பழுதுபட்டால் பிராண சங்கடம்.

குழந்தைகளிடம் காணும் நடுக்கட்டியை அகற்றுவதில் 2001-இல் ஹாங்காங்கின் யுங்கும் சகாக்களும் வெளியிட்ட யுக்தி என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. சிறுநீர்த் துவாரத்தின் வழியாக ஒளியுள்ள மற்றொரு நுண்குழாயைச் செலுத்திக் கட்டியின் குழிக்குள்ளேயே நிறுத்திவைக்கிறார்கள். வயிற்றுக்குள்ளிருந்து நோக்கும் வைத்தியருக்கு, திசுக்களின் நடுவே கட்டி அகல் விளக்கேற்றிய காகிதக் கூடுபோல் உள்ளொளியோடு தெரிகிறது. பச்சைக் குழந்தையின் சுண்டைக்காய் அளவு இடுப்புக்குழியில் இதைவிட நல்ல வழிகாட்டி வேறென்ன வேண்டும்?

நம் தமிழ்நாட்டின் பங்கைச் சொல்லாமல் விடலாகாது. கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவி, நுண்துளை ரண சிகிச்சையைத் தென்னாட்டில் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர் டாக்டர் சி. பழனிவேலு. சென்னையிலும், அடையாற்றுக்குத் தெற்கே பெருங்குடியில், அம்மருத்துவமனைக்குக் கிளை உண்டு. அவரும் சகாக்களும் 2008-இல் சர்வதேசச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்ட ஒரு சிகிச்சை, நாம் பேசும் விஷயத்துக்கு நேர்ச் சான்று. மலக்குடலுக்குப் பின்னால் இருந்த ஒரு தோற்கட்டி சீழ்பிடித்து, நடுவில் இடுங்கி இரு முனையிலும் பருத்த உடுக்கைபோல் மேலும் கீழும் வளர்ந்திருந்தது. அவர்கள் வயிற்றில் நுண்துளையிட்டும், கீழே ஆசனவாயருகிலிருந்தும், இரு வழியாலும் அணுகி அதை முழுமையாக அகற்றினார்கள். நுண்துளையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர், நுண்துளையால் மட்டுமே முடிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், கட்டியின் வடிவத்துக்கு ஏற்ற இரண்டாவது வாயிலையும் திறந்தார் என்பதையே நான் அச்சிகிச்சையின் சிறப்பாகக் கருதுகிறேன். சீழ் பிடித்த கட்டியின் சுவரில் ஒரு துணுக்கு எஞ்சினாலும் அது மறுபடியும் சுரக்கும். முழுமைக்காக எந்த வழியையும் ஏற்பதுதான் வைத்திய தர்மம்.

இத்தனைக்கும் பிறகு, சான்றுகளின் தராதரத்தை நேர்மையாக நிறுத்துப் பார்க்க வேண்டும். இந்நோய்களின் அபூர்வம் காரணமாக, இரண்டு முறைகளையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த பெரும் பரிசோதனைகள் இத்துறையில் இல்லை. இருப்பவை தனித்தனி நோயாளிகளின் விவரங்களும் சிறு தொகுதிகளுமே. வெற்றி பெற்ற சிகிச்சையைத்தான் வைத்தியர்கள் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கை நழுவியவை அச்சேறுவது குறைவு. ஆகவே, அச்சில் காணும் வெற்றி விகிதத்தை அப்படியே நம்பிவிட முடியாது. ஆயினும் வலி குறைவு, ரத்தச் சேதம் குறைவு, வீடு திரும்பும் நாள் முன்னதாக வருகிறது என்பவற்றில் வெவ்வேறு நாட்டு அறிக்கைகளும் ஒருமித்திருப்பதாலும், ஆழத்தில் தெளிவாகக் காண முடிவதென்பது தர்க்கத்திற்கே பொருந்துவதாலும், தேர்ந்த கைகளில் இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் முடிபு. ரோபோ யந்திரத்தின் கைகள் இன்னும் நுட்பமாக வளைகின்றன என்பது மெய். ஆனால் யந்திரத்தைவிட அதை இயக்குபவர் இடுப்புக்குழியில் எத்தனை ஆண்டுகள் பழகியவர் என்று கேட்பதே நோயாளிக்குப் பயன். நடுவில் துளை முறையை நிறுத்தி வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வியென்று எண்ணவும் வேண்டாம்.

தொந்தரவு தராத சிறு கட்டியை அறுக்கவே வேண்டாம்; ஆண்டுக்கொருமுறை படம் பார்த்து வந்தால் போதும். இவ்விதி மலக்குடலுக்குப் பின்னுள்ள கட்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றில் சில காலப்போக்கில் புற்றாக மாறியதுண்டாகையால், நோயாளியின் உடல் இடங்கொடுத்தால் அவற்றை எடுத்துவிடுவதே நலம். ஊசியால் குத்தி நீரை வடிப்பது எளிதாகத் தோன்றும். சுவர் உள்ளே இருக்கும் வரை நீர் மறுபடியும் சேரும், குத்திய வழியே கிருமியும் புகும். என்னவென்று அறியாமல் குத்தியும் கீறியும் பார்த்த கட்டி, பின்னர் தேர்ந்த நிபுணரிடம் வரும்போது, சுற்றுப்புறத்தோடு ஒட்டி இறுகிப்போயிருக்கும். சுலபமாகப் பிரிய வேண்டிய அடுக்குகள் அங்கே இரா. எடுத்த கட்டியை, எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும், திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும். ஐயமிருந்தால் ஆலோசனை பெற, 1954 முதல் அடையாற்றில் பணியாற்றிவரும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் நிலையம் நம் வாசலிலேயே இருக்கிறது.

உபகரணமும் நிபுணர்களும் இந்நகரில் குறைவில்லை. குறைவாயிருப்பது வேறொன்று. 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிலையம், குடும்பம் முழுவதையும் வருமானத்திற்கேற்ற ஒரே சந்தாவில் சேர்த்து, ஆண்டுதோறும் பரிசோதித்து வரும் ஒரு திட்டத்தை வகுத்தது. ஒரு குடும்பத்தைப் பிறப்பிலிருந்து அறிந்த வைத்தியர் ஒருவர் இருந்தால், சிறுநீரகம் ஒன்றில்லாத குழந்தையின் கதை அவர் நினைவிலோ அவருடைய பதிவேட்டிலோ தங்கியிருக்கும். இன்றோ, கர்ப்பத்தைப் பார்ப்பவர் ஒருவர், குழந்தையைப் பார்ப்பவர் ஒருவர், இளைஞனைப் பார்ப்பவர் வேறொருவர். வீடும் மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் மாறிவிடுகிறது. மேலும், சிசு ஆணா பெண்ணா என்பதைப் பெற்றோருக்குச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த நியாயமான சட்டம் அது. ஆகையால் விந்துப் பையைக் கவனியுங்கள், கருப்பையைக் கவனியுங்கள் என்று ஸ்கேன் நிபுணர் பிறப்புக்கு முன் பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த எச்சரிக்கை பிறந்த பின்னரே சொல்லப்பட வேண்டும். பிறந்த பின்னர் அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எவரும் வரையறுக்கவில்லை.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் குழந்தைக்குச் சிறுநீரகம் ஒன்றே என்று ஒரு காலத்தில் எவரேனும் எழுதிக் கொடுத்திருந்தால், பெண்ணாயின் பெரியவளாகும் முன்னரே கருப்பையை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்; பிள்ளையாயின் அவன் வாலிபனானதும் விஷயத்தை அவனிடமே சொல்லி, சிறுநீர்த் தொந்தரவோ விரை வீக்கமோ வந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லும்படி பழக்குங்கள். பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் உறையிலேயே அந்த ஸ்கேன் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.